வயதாக ஆக உடலில் அழற்சி ஏன் கூடுகிறது? நோயெதிர்ப்புச் செல்களின் முதுமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுபதைத் தாண்டியவர்களின் ரத்தப் பரிசோதனை அறிக்கையில், உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் குறியீடுகளான சிஆர்பி (CRP) கொஞ்சம் அதிகம், இஎஸ்ஆர் (ESR) கொஞ்சம் அதிகம் என்று வரும். கேட்டால் "வயசானா அப்படித்தான்" என்று பதில் கிடைக்கும். பதில் தப்பில்லை, ஆனால் போதாது. அந்த "அப்படித்தான்" எப்படி நடக்கிறது, எல்லோருக்கும் நடக்கிறதா, நாம் ஏதாவது செய்ய முடியுமா என்பதையெல்லாம் கீழே பார்க்கலாம்.

வயதானால் எதிர்ப்பு சக்தி குறையும் என்கிறார்கள். அப்படியானால் அழற்சியும் குறையத்தானே வேண்டும்?

நியாயமான சந்தேகம். எதிர்ப்பு சக்தி என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் பல வேலைகள் சேர்ந்தது. புதிதாக வரும் கிருமியை இனம் கண்டு, அதற்கென்றே ஆன்டிபாடியும் டி செல்களும் தயார் செய்வது ஒரு வேலை. எந்தக் கிருமி என்று பார்க்காமல், ஆபத்து என்று தெரிந்ததும் வீக்கத்தையும் சூட்டையும் உண்டாக்கும் வேதிப்பொருள்களை வெளியிடுவது இன்னொரு வேலை. வயதாகும்போது முதல் வேலை மந்தமாகிறது. இரண்டாவது வேலை நிற்க வேண்டிய நேரத்தில் நிற்பதில்லை.

அதனால்தான் ஒரே ஆளுக்கு ஃப்ளூ தடுப்பூசி சரியாகப் பிடிக்காமல் போவதும், ரத்தத்தில் அழற்சிக் குறியீடுகள் கூடுதலாக இருப்பதும் சேர்ந்தே நடக்கின்றன. "சக்தி குறைந்துவிட்டது" என்பதை விட "நிதானம் குறைந்துவிட்டது" என்று சொல்வது பொருத்தம். இந்த மெல்லிய, விடாத அழற்சிக்கு இத்தாலிய ஆய்வாளர் கிளாடியோ ஃபிரான்செஸ்கியும் அவரது குழுவினரும் 2000-இல் இன்ஃப்ளமேஜிங் என்று பெயர் வைத்தார்கள். இன்று முதுமை பற்றிய ஆராய்ச்சியில் அதைத் தொடாமல் யாரும் எழுதுவதில்லை.

அழற்சி என்றாலே கெட்டதா?

இல்லை. விரலில் வெட்டுப்பட்டால் சிவந்து, வீங்கி, சூடாகி, வலிப்பது அழற்சிதான். அது இல்லாவிட்டால் புண் ஆறாது. சில நாட்களில் வேலை முடிந்ததும் அடங்கிவிடும். முதுமையில் வருவது வேறு வகை: தீ அணைந்த பிறகும் சாம்பலுக்கடியில் கிடக்கும் தணல் மாதிரி. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, வெளியே எதுவும் தெரியாது. இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப் ஆல்ஃபா போன்ற, அழற்சியைத் தூண்டும் பொருள்கள் மட்டும் இளம் வயதில் இருந்ததைவிடச் சற்று அதிகமாக, வருடக்கணக்கில் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

தைமஸ் சுரப்பி சுருங்கிவிடும் என்கிறார்களே, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேல் பகுதியில் இருக்கும் சிறிய உறுப்பு தைமஸ். 1961-இல் ஜாக் மில்லர் பிறந்த குட்டி எலிகளில் இதை நீக்கிப் பார்த்து, எதிர்ப்பு சக்திக்கு இது எவ்வளவு முக்கியம் என்று காட்டும்வரை, இதற்குப் பெரிதாக வேலை இல்லை என்றுதான் நினைத்திருந்தார்கள்.

எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் இளம் செல்கள் இங்கே வந்துதான் டி செல்களாகப் பக்குவப்படுகின்றன. தேர்வு மிகக் கடுமை. கிருமியை அடையாளம் காணத் தெரியாதவை செத்துப் போகும். சொந்த உடலையே தாக்கக்கூடியவையும் செத்துப் போகும். வருபவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் இங்கேயே முடிந்துவிடும். மிஞ்சியவை, இதுவரை எந்தக் கிருமியையும் சந்திக்காத புதிய டி செல்களாக ரத்தத்துக்கு வருகின்றன.

இந்த உறுப்பு குழந்தைப் பருவத்திலேயே சுருங்கத் தொடங்கிவிடுகிறது. நடுவயதுக்குள் பெரும்பகுதி கொழுப்பாக மாறிவிடும். உடலில் வேறு எந்த உறுப்பும் இவ்வளவு சீக்கிரம் ஓய்வு எடுப்பதில்லை என்றே சொல்லலாம். அதன் பிறகு புதிய டி செல்களின் வரத்து சொற்பம். இருக்கிற பழைய செல்கள்தான் தங்களுக்குள் பிரிந்து பிரிந்து எண்ணிக்கையைக் காப்பாற்றுகின்றன. மொத்த எண்ணிக்கை பெரிதாகக் குறையாது, ஆனால் வகை குறையும். இதுவரை பார்த்தே இராத வைரஸ் ஒன்று வந்தால், அதற்குப் பொருந்தும் செல் கைவசம் இல்லாமல் போக வாய்ப்பு கூடுகிறது. கோவிட் முதியவர்களை ஏன் அப்படித் தாக்கியது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுருங்கிய தைமஸால் பெரியவர்களுக்குப் பயனில்லை என்று எண்ணி, இதய அறுவை சிகிச்சையின்போது வழியில் இருந்தால் அதை எடுத்துவிடுவது உண்டு. 2023-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு, தைமஸ் எடுக்கப்பட்டவர்களையும் அதே மாதிரி அறுவை செய்தும் தைமஸ் எடுக்கப்படாதவர்களையும் ஒப்பிட்டது. ஐந்து ஆண்டுகளில் முதல் குழுவில் இறந்தவர்கள் 8.1 சதவீதம், மற்றதில் 2.8 சதவீதம். புற்றுநோயும் முதல் குழுவில் அதிகம். சுருங்கிப்போனாலும் சும்மா இருக்கவில்லை என்று தெரிகிறது.

பழைய டி செல்கள் நிறைய இருப்பது அனுபவம்தானே? அது நல்லது இல்லையா?

ஓரளவுக்கு நல்லதுதான். சிறு வயதில் வந்த அம்மை மறுபடி வராததற்கு அந்த நினைவுச் செல்கள்தான் காரணம். ஆனால் சில கிருமிகள் அந்த நினைவை முழுக்கத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்கின்றன. சைட்டோமெகலோ வைரஸ் அப்படிப்பட்டது. எச்சில் போன்றவற்றின் மூலம் பரவும். உலகில் பெரும்பாலான பெரியவர்களுக்கு ஏற்கனவே தொற்றியிருக்கும். பலருக்குத் தொற்றியதே தெரியாது. உடலை விட்டுப் போகவே போகாது. அவ்வப்போது தலைதூக்கும், டி செல்கள் அடக்கும், மறுபடி தலைதூக்கும். இப்படிப் பல பத்தாண்டுகள் ஓடினால், இந்த வைரஸ் இருப்பவர்களின் ரத்தத்தில் உள்ள நினைவு டி செல்களில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு இது ஒன்றுக்காகவே ஒதுக்கப்பட்டிருக்கும். சிலருக்கு அதைவிடவும் அதிகம்.

அந்தச் செல்களில் பல, அளவுக்கு மீறிப் பிரிந்து களைத்தவை. டி செல் முழுமையாகத் தூண்டப்படுவதற்குத் தேவையான சிடி28 என்ற புரதத்தை இழந்திருக்கும். பிரிந்து பெருகும் திறன் போய்விடும், ஆனால் அழற்சிப் பொருள்களை வெளியிடும் திறன் அப்படியே இருக்கும். பிரச்சினையே அதுதான்.

முதல் வரிசையில் நிற்கும் வெள்ளணுக்களுக்கு என்ன ஆகிறது?

நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவை எடுத்துக்கொள்வோம். பாக்டீரியா நுழைந்த இடத்துக்கு முதலில் போய்ச் சேருவது இதுதான். நுண்ணோக்கியின் அடியில் ஒரு பக்கம் தொற்றின் தடயமான வேதிப்பொருளை வைத்து, மறுபக்கம் இந்தச் செல்களை விட்டால், இளைஞரின் செல்கள் கிட்டத்தட்ட நேராக அதை நோக்கி ஊர்ந்து போகும். முதியவரின் செல்களும் அதே வேகத்தில்தான் ஊரும், ஆனால் திசை பிசகும். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று அலைந்துவிட்டுப் போகும். பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் இதை விவரித்தார்கள்.

இதனால் இரட்டை நஷ்டம். கிருமி இருக்கும் இடத்துக்குத் தாமதமாகப் போகிறது. போகிற வழியில் எலாஸ்டேஸ் போன்ற, திசுவையே அரிக்கும் நொதிகளை உதிர்த்துக்கொண்டு போகிறது. ஒரே பிழை தொற்றையும் நீட்டிக்கிறது, அழற்சியையும் கூட்டுகிறது.

மேக்ரோஃபேஜ்கள் செத்த செல்களை விழுங்கி அப்புறப்படுத்துபவை. அவற்றின் வேகமும் குறைகிறது. அப்புறப்படுத்தாத குப்பை தானே ஒரு அழற்சித் தூண்டல். வைரஸ் புகுந்த செல்களை அழிக்கும் இயற்கைக் கொல்லிச் செல்கள் எண்ணிக்கையில் கூடும், தனித்தனியாகப் பார்த்தால் திறன் குறைந்திருக்கும்.

சரி, கிருமியே இல்லாதபோது அழற்சியைத் தூண்டுவது எது?

ஒரே காரணம் என்று சொல்ல முடிந்தால் வசதியாக இருக்கும். ஆனால் பல ஊற்றுகள் சேர்ந்த விஷயம் இது.

முதலில், மூப்படைந்த செல்கள். மனிதச் செல்கள் எல்லையில்லாமல் பிரிவதில்லை, சுமார் 40 முதல் 60 முறை பிரிந்ததும் நின்றுவிடுகின்றன என்று லியோனார்ட் ஹேஃப்ளிக் 1961-இல் காட்டினார். நின்றுபோன செல் சாவதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்துகொண்டு அழற்சிப் பொருள்களையும் திசுவை அரிக்கும் நொதிகளையும் கசியவிடுகிறது. இதை 2008-இல் ஜூடித் கேம்பிசியின் குழு விரிவாகப் பதிவு செய்தது. இளம் உடலில் இந்தச் செல்களை நோயெதிர்ப்புச் செல்களே தேடி அழித்துவிடும். அவையும் முதுமையடையும்போது அழிக்க ஆள் இல்லை. மூப்படைந்த செல்கள் சேர்கின்றன. அவை கசியவிடுவது பக்கத்துச் செல்களையும் மூப்படைய வைக்கிறது. இந்தச் சுழலில் எது முதல் என்று பிரிப்பது கஷ்டம்.

ஆனாலும் 2021-இல் எலிகளில் ஒரு நல்ல சோதனை செய்தார்கள். டிஎன்ஏ பழுதுபார்க்கத் தேவையான ஒரு மரபணுவை ரத்தச் செல்களில் மட்டும் நீக்கினார்கள். நோயெதிர்ப்பு மண்டலம் சீக்கிரமே முதுமையடைந்தது. கூடவே, மரபணுவில் கையே வைக்காத கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகளிலும் மூப்படைந்த செல்கள் பெருகின. முதுமை நோயெதிர்ப்பு மண்டலத்தைப் பாதிப்பது போலவே, அந்த மண்டலமும் மற்ற உறுப்புகளின் முதுமையை விரட்டுகிறது. இந்தத் துறையில் என்னை மிகவும் யோசிக்க வைத்த சோதனை இதுதான்.

இரண்டாவது, மைட்டோகாண்ட்ரியா. இவை ஆதிகாலத்தில் பாக்டீரியாவாக இருந்தவை. பழுதான மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து டிஎன்ஏ துணுக்குகள் செல்லுக்குள் கசிந்தால், செல் அதை வெளியிலிருந்து வந்த கிருமியின் டிஎன்ஏ போலவே நடத்தும். விளைவு, கிருமி இல்லாமலேயே எச்சரிக்கை.

மூன்றாவது, குடல். வயதாகும்போது குடல் சுவரின் இறுக்கம் தளர்ந்து பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்துக்குள் வருகின்றன. கிருமிகளே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளுக்கு, வயதானபோதும் இந்த அழற்சி கூடவில்லை என்று 2017-இல் கனடா ஆய்வு ஒன்று காட்டியது.

அப்புறம் வயிற்றுக் கொழுப்பு. அது வெறும் சேமிப்பு இல்லை. அதற்குள் மேக்ரோஃபேஜ்கள் குடியேறி இன்டர்லூக்கின்-6 சுரக்கின்றன. ஈறு நோயும் சத்தமில்லாமல் இந்தப் பட்டியலில் இருக்கிறது.

ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களிலேயே மாற்றம் வருமாமே?

வரும். எலும்பு மஜ்ஜையில் ஒரு ஸ்டெம் செல்லுக்கு டிஎன்எம்டி3ஏ, டெட்2 போன்ற மரபணுவில் மாற்றம் ஏற்பட்டு, அது மற்றவற்றைவிட வேகமாகப் பெருகினால், ரத்தச் செல்களில் கணிசமான பங்கு அந்த ஒரு செல்லின் வம்சமாகிவிடும். 70 வயதைக் கடந்தவர்களில் பத்தில் ஒருவருக்காவது இது இருக்கிறது என்று 2014-இல் தெரியவந்தது. இது புற்றுநோய் அல்ல. ரத்தப் புற்றாக மாறும் வாய்ப்பு ஆண்டுக்கு நூற்றில் ஒன்றோ அதற்கும் குறைவோதான்.

எதிர்பாராத பயம் வேறு பக்கம் இருந்து வந்தது. இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு இதய ரத்தக்குழாய் நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம். டெட்2 மாற்றம் உள்ள மேக்ரோஃபேஜ்கள் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிப் பொருளை அதிகமாகச் சுரந்து, ரத்தக்குழாய்ச் சுவரில் படியும் கொழுப்பை மோசமாக்குகின்றன.

அழற்சி நோய்களுக்குக் காரணமா, அல்லது நோய்களின் விளைவா?

இரண்டும்தான். ஆனால் "காரணமும்கூட" என்று சொல்ல நல்ல ஆதாரம் ஒன்று உண்டு. 2017-இல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், ஏற்கனவே மாரடைப்பு வந்து, சிஆர்பியும் அதிகமாக இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, இன்டர்லூக்கின்-1 பீட்டாவை மட்டும் தடுக்கும் கனகினுமாப் என்ற ஊசியோ, மருந்தில்லாத ஊசியோ கொடுத்தார்கள். கொழுப்பின் அளவு மாறவில்லை. ஆனாலும் 150 மில்லிகிராம் பெற்றவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன.

அதே ஆய்வின் இன்னொரு முடிவைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மருந்து பெற்றவர்களில் உயிர்பறிக்கும் தொற்றுகள் கூடின. மொத்த மரணங்களில் வித்தியாசம் இல்லை. அழற்சியை அடக்குவது இலவசமாக வருவதில்லை.

வயதானால் எல்லோருக்கும் இது வந்தே தீருமா?

சில ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால் ஆமாம் என்றுதான் பலரும் சொல்லியிருப்பார்கள். 2025-இல் வந்த ஒரு ஒப்பீடு அந்த உறுதியைக் குலைத்தது. இத்தாலி, சிங்கப்பூர் மக்களிடம் வயதோடு அழற்சிக் குறியீடுகள் ஏறக்குறைய ஒரே பாணியில் கூடின. பொலிவியக் காடுகளில் வாழும் சிமானே மக்களிடமும் மலேசியாவின் ஓராங் அஸ்லி மக்களிடமும் அந்தப் பாணி இல்லை.

சிமானே மக்களுக்கு அழற்சியே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். குடற்புழு, பிற தொற்றுகள் என்று அவர்களுக்கு அது எந்த வயதிலும் உண்டு. வயதோடு ஏறுவதில்லை, நாள்பட்ட நோய்களோடு ஒட்டி வருவதில்லை, அவ்வளவுதான். 2017-இல் 40 வயதைத் தாண்டிய 705 சிமானே மக்களின் இதய ரத்தக்குழாய்களை ஸ்கேன் செய்தபோது 85 சதவீதம் பேருக்கு, ரத்தக்குழாய் நோயின் அடையாளமான கால்சியம் படிவே இல்லை. நாள் முழுக்க உடலுழைப்பு, புகையிலை குறைவு, உடல் பருமன் குறைவு. தொற்றுகளால் அவர்களில் பலர் சீக்கிரம் இறந்தும் போகிறார்கள் என்பதால் அந்த வாழ்க்கையை ஆராதிக்க வேண்டியதில்லை. ஆனால் முதுமை அழற்சியில் ஒரு பகுதி வயதால் வருவது அல்ல, வாழும் முறையால் வருவது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

நூறு வயதைத் தாண்டியவர்கள் இன்னொரு புதிர். அவர்களிடமும் அழற்சிப் பொருள்கள் கூடுதல்தான். அதை எதிர்க்கும் பொருள்களும் சேர்ந்து கூடியிருக்கின்றன.

ஆண், பெண் வித்தியாசம் உண்டா?

உண்டு. பொதுவாகப் பெண்களின் எதிர்ப்பு வலுவானது. தடுப்பூசிக்கு ஆன்டிபாடியும் அதிகம், தன்னுடல் தாக்கும் நோய்களும் அதிகம். ஆண்களிடம் முதுமை மாற்றங்கள் சற்று முந்தி வருகின்றன.

வயதானவர்களுக்குத் தடுப்பூசி வேலை செய்யாது என்றால் எதற்குப் போட வேண்டும்?

வேலை செய்யாது என்பது தவறு. சாதாரண ஃப்ளூ ஊசி குறைவாக வேலை செய்கிறது என்பதே சரி, அந்தக் குறைவான பாதுகாப்புக்கும் மதிப்பு உண்டு. அதற்கு மாற்றும் இருக்கிறது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று நான்கு மடங்கு அளவில் தயாராகும் ஃப்ளூ ஊசி, சாதாரண ஊசியைவிட 24 சதவீதம் கூடுதலாகத் தொற்றைத் தடுத்தது.

அக்கி நோய்க்கான புதிய தடுப்பூசி இதைவிடப் பெரிய ஆச்சரியம். சின்னம்மை வைரஸ் நரம்புகளில் பதுங்கியிருந்து, டி செல்கள் தளரும்போது அக்கியாக வெளிவருகிறது. வைரஸின் ஒரே ஒரு புரதத்தோடு, நோயெதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருளையும் சேர்த்துச் செய்த ஊசி, 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 சதவீதமும், 70 வயதுக்கு மேல் ஏறக்குறைய 90 சதவீதமும் பலன் தந்தது. முதிய செல்களும் சரியாகத் தூண்டினால் எழுந்திருக்கும் என்பதற்கு இதுவே சாட்சி. ஊசி போட்ட ஓரிரு நாட்கள் கை வலியும் அசதியும் நன்றாகவே இருக்கும்.

அறிக்கையில் உள்ள எண்களை எப்படிப் பார்ப்பது?

நுண்ணளவு சிஆர்பி (அறிக்கையில் hs-CRP) லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் இதய ஆபத்து குறைவு, 3-க்கு மேல் என்றால் கூடுதல் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். 10-ஐத் தாண்டினால் அது முதுமையின் மெல்லிய அழற்சி இல்லை. சளி, பல் சீழ், சிறுநீர்த் தொற்று என்று ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கலாம். அது அடங்கிய பின் மறுபடி எடுக்க வேண்டும்.

இஎஸ்ஆருக்கு ஒரு பழைய மனக்கணக்கு உண்டு: ஆண்களுக்கு வயதில் பாதி, பெண்களுக்கு வயதோடு பத்தைக் கூட்டி அதில் பாதி. அதுவரை இயல்பு என்று கொள்ளலாம். 70 வயதுப் பெண்ணுக்கு 40 வரை. அவருக்கு 38 என்று வந்தால் அது இயல்புதான், ஆனால் இளைஞர்களுக்கான அளவை அச்சிட்டிருக்கும் அறிக்கையில் அதே 38 தடித்த எழுத்தில் வந்து வீட்டையே கலங்கடிக்கும்.

தினமும் அழற்சியைக் குறைக்கும் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டால் என்ன?

வேண்டாம். வலி நிவாரணி வகை அழற்சி மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் வயிற்றில் ரத்தக் கசிவு, சிறுநீரகப் பாதிப்பு, இதயச் சிக்கல் வரலாம். வயதானவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். இதய நோய் இல்லாத முதியவர்கள் 19,114 பேரை வைத்து நடந்த ஆஸ்ப்ரீ ஆய்வில், தினமும் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின் ஆரோக்கியமான ஆயுளை நீட்டிக்கவில்லை, ரத்தக் கசிவைத்தான் கூட்டியது. இதய நோய்க்காக மருத்துவர் ஏற்கனவே எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினை இதைப் படித்துவிட்டு நிறுத்தக் கூடாது. அது வேறு கணக்கு.

மூப்படைந்த செல்களை அழிக்கும் மருந்து வந்துவிட்டதா?

எலிகளில் வந்துவிட்டது. மூப்படைந்த செல்களை நீக்கினால் முதுமைக் கோளாறுகள் தள்ளிப்போகின்றன என்று 2011-இல் காட்டினார்கள். 2015-இல் டாசாடினிப், குவெர்செட்டின் என்ற ஜோடி மருந்து வந்தது. மனிதர்களில் இன்னும் சோதனைக் கட்டம்தான். டாசாடினிப் என்பது ரத்தப் புற்றுநோய் மருந்து. இணையத்தில் வாங்கிச் சாப்பிடும் பொருள் இல்லை.

செல்லின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் எம்டார் என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்து முதியவர்களின் ஃப்ளூ தடுப்பூசிப் பலனைச் சுமார் 20 சதவீதம் கூட்டியது என்று 2014-இல் வந்தபோது பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. அதே வழியில் வந்த இன்னொரு மருந்து 2019-இல் பெரிய சோதனையில் தோற்றது. "எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்" என்று விற்கப்படும் பொடிகளும் பானங்களும் இந்த அளவு சோதனைக்குக்கூட வந்ததில்லை.

அப்படியானால் நாமாகச் செய்யக்கூடியது எதுவும் இல்லையா?

உடற்பயிற்சிதான் பட்டியலின் தலையில் நிற்கிறது. 55 முதல் 79 வயது வரை உள்ள, பல ஆண்டுகளாக நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டும் 125 பேரை 2018-இல் ஆராய்ந்தார்கள். உடற்பயிற்சி செய்யாத அதே வயதினரைவிட, தைமஸிலிருந்து புதிதாக வந்த டி செல்கள் அவர்களிடம் அதிகம் இருந்தன. எல்லோரும் அந்த அளவு ஓட்ட முடியாது. ஆனால் சுருங்கும் தசையே அழற்சியைத் தணிக்கும் பொருள்களைச் சுரப்பதால், நடையும் எடை தூக்கும் பயிற்சியும் வீணாகாது.

உணவில் அளவைக் குறைப்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் சுமார் 14 சதவீதம் கலோரி குறைத்துச் சாப்பிட்டவர்களின் தைமஸில் கொழுப்பு குறைந்திருந்தது என்று 2022-இல் தெரிந்தது. அவர்கள் நடுவயதுக்காரர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். எண்பது வயதில், ஏற்கனவே மெலிந்திருப்பவர் சாப்பாட்டைக் குறைத்தால் தசை போகும், எதிர்ப்பும் போகும்.

புகையை விடுவது, ஈறுகளைக் கவனிப்பது, நன்றாகத் தூங்குவது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது எல்லாம் நீங்கள் ஏற்கனவே கேட்டவைதான். புதிதாக எதுவும் சொல்வதற்கில்லை.

வீட்டில் இருக்கும் முதியவருக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் தெரியுமா?

தெரியாமல் போகலாம். இத்தனை அழற்சி இருந்தும், தேவைப்படும்போது காய்ச்சல் ஏறாது என்பது முரண்தான். கடுமையான தொற்று உள்ள முதியவர்களில் நான்கில் ஒருவர் அளவுக்குக் காய்ச்சல் இருக்காது, அல்லது லேசாகவே இருக்கும். நிமோனியாவும் சிறுநீர்த் தொற்றும் அவர்களுக்குத் திடீர்க் குழப்பமாக, சாப்பிட மறுப்பதாக, கீழே விழுவதாக, மூச்சு வேகமாவதாக வரும். நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று நாள் கிழமை தெரியாமல் உளறினால், தெர்மாமீட்டர் இயல்பைக் காட்டினாலும் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

நன்றாக இருக்கும் நாட்களில் அவருடைய வழக்கமான வெப்பநிலையைக் குறித்து வைத்துக்கொள்வது உதவும். பலவீனமான முதியவர்களுக்கு வாயில் வைத்துப் பார்த்து 37.8 டிகிரி செல்சியஸ், அதாவது 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலோ, அவரது வழக்கமான அளவைவிட 1.1 டிகிரி செல்சியஸ் கூடினாலோ அதைக் காய்ச்சலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.